இணைப்பும் இசைவும்

இரண்டு பேர் கூடி ஒரு காரியத்தைச் செய்ய வேண்டுமானால், இருவரும் ஒரே வீட்டில் பிறந்திருக்க வேண்டியதில்லை. ஒரே குணமுடையவராக இருக்க வேண்டியதுமில்லை. ஒருவர் சொல்லும் சொல்லுக்கு அவர் கருதிய பொருளையே மற்றவரும் கொண்டால் போதும். இச்சிறு விதி மனிதருக்கு எவ்வளவு பொருந்துமோ அவ்வளவு இக்காலத்துக் கணினிகளுக்கும் பொருந்தும். ஆயினும் கம்பியைக் கொண்டு இரண்டு யந்திரங்களைப் பிணைத்துவிட்டால் அவை தாமாகவே கூடி உழைக்கத் தொடங்கிவிடும் என்பதே பெரும்பாலோர் எண்ணம். இத்தொழிலிலேயே இருப்பவர் பலரும் அவ்வாறே எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் எவ்வளவு பிழையானது என்பதையும், அதனால் நம்மவர்க்கு நேரக்கூடிய தீங்கு யாதென்பதையும் என் தொழில் அனுபவத்தைக் கொண்டு இங்கு எழுத விரும்புகிறேன்.

என் தொழில் இன்னதென்று முதலில் சொல்லிவிடுகிறேன். வீடு கட்டுமுன் வரைபடம் போடுவோர் இருப்பதுபோல, கணினிகளை இயக்கும் மென்பொருளுக்கும் வரைபடம் போடுவோர் உளர். அறை எத்தனை, வாசல் எங்கே, பாரத்தைத் தாங்கும் தூண் எது என்பவற்றைக் கட்டடச் சிற்பி தீர்மானிக்கிறார். அவ்வாறே எந்தக் கணக்கு எங்கே இருக்க வேண்டும், எதை யார் பார்க்கலாம், எது நின்றுபோனால் எதெது உடன் நிற்கும் என்பவற்றை இவர்கள் தீர்மானிக்கின்றனர். இவர்களை மென்பொருள் சிற்பிகள் என்பேன். ஒரு சிற்பி கட்டியதை வேறொரு சிற்பி கட்டியதோடு சேர்த்து இயங்கச் செய்ய வேண்டியபோது, இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து துணைசெய்வதே என் பிழைப்பு. இருபது வருஷங்களுக்கு மேலாகக் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் இதையே செய்து வருகிறேன். நான் எதையும் கட்டுவதில்லை. என் பெயர் எந்த வரைபடத்திலும் இராது. பெண் வீட்டாருக்கும் மாப்பிள்ளை வீட்டாருக்கும் நடுவே அலையும் கலியாணத் தரகரை நினைத்துக்கொண்டால் என் நிலைமை விளங்கும். ஒரே வித்தியாசம், தாலி கட்டியதும் தரகர் வேலை முடிந்துவிடும். என் வேலை அப்போதுதான் ஆரம்பமாகும்.

இப்படிச் சேர்க்க வேண்டிய அவசியம் எங்கே வந்தது என்று நேயர்கள் கேட்கலாம். சிங்கப்பூரில் உழைக்கும் மகன் ஜொகூரிலுள்ள தாய்க்குப் பணம் அனுப்புகிறான். முன்பெல்லாம் கடைக்குச் சென்று வரிசையில் நின்று அனுப்பினான். 2023-ம் வருஷம் நவம்பர் மாதத்தில் சிங்கப்பூரின் பேநவ் முறையும் மலேசியாவின் டுயிட்நவ் முறையும் இணைக்கப்பட்டன. இப்போது தாயின் கைப்பேசி எண்ணைக் கொண்டே அனுப்பலாம். இரண்டும் வெவ்வேறு தேசத்தில், வெவ்வேறு சட்டத்தின் கீழ், வெவ்வேறு நாணயத்துக்காகக் கட்டப்பட்டவை. ஒன்றை இடித்துவிட்டு மற்றொன்றைக் கட்டவில்லை. இரண்டும் தத்தம் வீட்டிலேயே இருந்துகொண்டு கைகோத்தன. இத்தகைய கைகோப்பு இல்லாவிடில் இன்று வங்கியும் ஓடாது, விமானமும் பறக்காது, ஆஸ்பத்திரியும் நடவாது.

இந்தப் பிரச்சினை கணினியோடு பிறந்ததன்று. ஐரோப்பாவில் தந்தி பரவிய ஆரம்ப காலத்தில், ஒரு தேசத்துத் தந்தி அடுத்த தேசத்தின் எல்லையில் நின்றுவிடும். அங்கே அதைக் காகிதத்தில் எழுதி, எல்லைக்கு அப்பாலுள்ள ஊழியரிடம் கொடுக்க, அவர் தம் தேசத்து முறைப்படி மறுபடியும் அடித்து அனுப்ப வேண்டியிருந்தது. கம்பிக்குப் பஞ்சமில்லை, இசைவுக்கே பஞ்சம். 1865-ம் வருஷம் மே மாதம் 17-ம் தேதி பாரிஸ் நகரில் 20 இராஜ்யங்கள் ஒப்பந்தம் செய்துகொண்டு, மோர்ஸ் குறியீட்டைப் பொதுவாக ஏற்ற பின்னரே அந்தத் தொல்லை குறைந்தது.

அதற்கு ஒரு நூற்றாண்டுக்குப் பின், 1969-ம் வருஷத்தில், இன்றைய இணையத்தின் மூதாதையான வலைப்பின்னல் அமெரிக்காவில் நான்கு இடங்களைச் சேர்த்துத் தொடங்கியது. அந்நான்கு இடங்களிலும் இருந்த கணினிகள் நான்கு வகையானவை. ஒன்றின் பேச்சு மற்றொன்றுக்குப் புரியாது. அதற்கு அவர்கள் கண்ட உபாயம் மெச்சத்தக்கது. ஒவ்வொரு பெரிய கணினியின் வாசலிலும் ஒரே மாதிரியான ஒரு சிறு கணினியை வைத்தனர். பெரியது தன் வாசலிலுள்ள சிறியதோடு மட்டும் பேசக் கற்றால் போதும். தூரத்துச் செய்தியைக் கொண்டுசேர்ப்பது சிறியவற்றின் வேலை. அவ்வருஷம் ஏப்ரல் மாதம் ஸ்டீவ் கிராக்கர் என்னும் மாணவர், கணினிகள் ஒன்றோடொன்று பேச வேண்டிய முறையைப் பற்றி ஒரு குறிப்பு எழுதினார். அதற்குச் சட்டம் என்றோ கட்டளை என்றோ அவர் தலைப்பிடவில்லை; 'கருத்துரைக்க வேண்டுகோள்' என்ற பொருள்பட அடக்கமாகப் பெயரிட்டார். இன்றுவரை இணையத்தின் விதிகள் அந்தப் பெயராலேயே வரிசை எண்ணிட்டு வெளிவருகின்றன. இணைய வேண்டியவர்களிடம் அதிகாரம் செய்து பயனில்லை, கேட்டே பெற வேண்டும் என்ற பாடம் அந்தத் தலைப்பிலேயே அடங்கியிருப்பதாக நான் நினைப்பதுண்டு.

செய்தி போய்ச் சேர்ந்தால் பாதி வேலை முடிந்தது. மற்றப் பாதி, அச்செய்தியின் பொருள். இதைத் தோட்டத்து நேயர்களுக்கு விளக்குவது எளிது. என் பாட்டனார் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணியாக இருந்தவர். வெளிக்காட்டிலிருந்து ஒருவர் 40 ராத்தல் பால் கொண்டுவந்து நிறுத்தினார் என்று ஓர் ஏடு சொல்லும். அதே ஆளுக்கு அதே நாளில் 12 ராத்தல் என்று ஸ்டோர் ஏடு சொல்லும். பார்ப்பவர்க்கு 28 ராத்தல் களவு போனதாகத் தோன்றும். உண்மையில் இரண்டும் சரியான கணக்கே. முதல் ஏடு நீரோடு கூடிய பாலை நிறுத்தது. இரண்டாவது, நூற்றுக்கு 30 வீதம் அதில் இருந்த உலர்ந்த ரப்பரை மட்டும் எழுதியது. மழை பெய்த நாளில் வீதம் இன்னும் இறங்கும். இரண்டு ஏட்டிலும் தலைப்பு 'ராத்தல்' என்ற ஒரே சொல்தான். ஏடுகளை ஒன்றாகத் தைத்துவிட்டால் இந்தச் சண்டை தீருமா? தீராது. 'எந்த ராத்தல்' என்று இரண்டு தலைப்பிலும் எழுதினால்தான் தீரும்.

படியாதவர் செய்யும் குழப்பம் இது என்று யாரும் இகழ வேண்டாம். உலகப் புகழ்பெற்ற விஞ்ஞானிகளுக்கும் இதுவே நேர்ந்தது. செவ்வாய்க் கிரகத்தை ஆராய நாசா அனுப்பிய விண்கலம் ஒன்று 1999-ம் வருஷம் செப்டம்பர் மாதம் 23-ம் தேதி அக்கிரகத்தை அடைந்த வேளையில் அழிந்தது. உந்துவிசையின் அளவை ஒரு மென்பொருள் ஆங்கில ராத்தல் கணக்கில் எழுதிக் கொடுத்தது. அதை வாங்கிய மென்பொருள் நியூட்டன் என்னும் மெட்ரிக் கணக்கென்று எண்ணிப் படித்தது. ஒன்றுக்கு ஏறக்குறைய நாலரை மடங்கு வித்தியாசம். கோப்பு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. எண்களில் ஓர் எழுத்துக்கூடச் சிதையவில்லை. கலம் செல்ல வேண்டிய உயரத்தைவிட மிகத் தாழ்ந்து சென்று மறைந்தது.

விண்கலம் போனால் பணம் போயிற்று என்று ஆறுதல் கொள்ளலாம். மனிதரைப் பற்றிய ஏடுகள் இவ்வாறு இணைக்கப்படும்போது ஆறுதல் கொள்ள இடமில்லை. சில வருஷங்களுக்கு முன் நான் அழைக்கப்பட்ட ஒரு காரியத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். இடத்தின் பெயர் இங்கு வேண்டாம்.

ஓர் ஆஸ்பத்திரி, பக்கத்து ஊரிலிருந்த சிறு வைத்தியசாலையை விலைக்கு வாங்கிற்று. இரண்டு இடத்து நோயாளிப் பதிவேடுகளும், மருந்தகத்தின் மென்பொருளும், இரத்தப் பரிசோதனைக் கூடத்தின் மென்பொருளும் இணைக்கப்பட்டன. இணைத்த சில நாட்களில், முன்னாளில் பால்வெட்டு வேலை செய்த மூதாட்டி ஒருவர் காய்ச்சலென்று வந்தார். டாக்டர் பெனிசிலின் இனத்தைச் சேர்ந்த மருந்தொன்றை எழுதினார். மருந்தகத்தின் திரையில், அம்மூதாட்டிக்கு ஒவ்வாத மருந்து எதுவும் 'இல்லை' என்று தெளிவாக இருந்தது. ஆயினும் மருந்தைக் கொடுக்குமுன் அங்கிருந்த தாதி தம் வழக்கப்படி வாய்விட்டு ஒருமுறை கேட்டார்:

"அக்கா, அம்மாவுக்கு இதற்கு முன் ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனதுண்டா?"

உடன்வந்த மகள் திகைத்துப்போய், "என்ன மிஸி இப்படிக் கேட்கிறீர்கள்! பெனிசிலின் ஊசி போட்டு அம்மாவுக்கு மூச்சே நின்றுபோகப் பார்த்ததே! அப்போதே எழுதிக்கொண்டார்களே!" என்றார்.

மருந்து நிறுத்தப்பட்டது; மூதாட்டிக்கு ஒரு தீங்கும் நேரவில்லை. அதன் பிறகே என்னை அழைத்தனர்.

நடந்தது இதுதான். மகள் சொன்னது போல வைத்தியசாலையில் எழுதத்தான் எழுதியிருந்தார்கள். ஆனால் அந்த ஏட்டில் அம்மூதாட்டி இரண்டு பேராக இருந்தார். ஒரு பதிவில் பழைய அடையாள அட்டை எண். லெட்சுமி என்ற பெயர் தோட்டத்துக் கிராணி ஒலியைக் கேட்டு ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தபடி இருந்தது. மற்றொரு பதிவில் புதிய 12 இலக்க எண். அதே பெயர் பள்ளிக்கூடத்து எழுத்துக் கூட்டலில் இருந்தது. ஒவ்வாமை முதல் பதிவில் எழுதப்பட்டிருந்தது. இரண்டாவது பதிவில் அந்தக் கட்டம் வெறுமையாக இருந்தது. இணைத்தபோது மருந்தகத்துக்குப் போனது இரண்டாவது பதிவு. மருந்தகத்தின் திரைக்கு 'உண்டு', 'இல்லை' என்ற இரண்டே விடைதான் தெரியும். ஆகவே வெறுமையை அது 'இல்லை' என்று எழுதிக்கொண்டது. கேட்காமல் விட்ட ஒரு கேள்வி, கம்பியைக் கடந்ததும், கேட்டு வாங்கிய விடையாக மாறிவிட்டது.

மூன்று சிற்பிகளும் வரைபடங்களோடு வந்தார்கள். அவரவர் கட்டியது சரியே என்று அவரவரும் நிரூபித்தார்கள், நிரூபணத்தில் பிழையில்லை. வைத்தியசாலை ஏட்டில் வெறுமையான கட்டத்துக்கு 'இன்னும் கேட்கவில்லை' என்று பொருள். மருந்தகத்தில் அதற்கு வேறு பொருள். பிழை மூவரில் ஒருவர் வீட்டிலும் இல்லை. வீடுகளுக்கு நடுவேயுள்ள சந்தில் இருந்தது. சந்துக்குச் சொந்தக்காரர் ஒருவரும் இல்லாததால், அதை யாரும் பெருக்கியதில்லை.

இத்தகைய சமயத்தில் வரைபடங்களைப் பார்த்துக்கொண்டிருந்தால் பொழுதுதான் போகும். வரைபடங்களை மூடிவைக்கச் சொன்னேன். பெயர் மறைத்த இருபது நோயாளிப் படிவங்களைக் கொண்டுவரச் செய்து, ஒவ்வொன்றையும் மேசையில் வைத்து, 'இதிலிருந்து உங்கள் மென்பொருள் என்ன தெரிந்துகொள்ளும்?' என்று ஒவ்வொருவரையும் வாயால் சொல்லக் கேட்டேன். கருத்து மாறுபட்ட சொற்களைச் சுவரில் ஒட்டினோம். மாலைக்குள் சுவர் நிறைந்துவிட்டது. 'நோயாளி' என்றால் ஒருவருக்கு ஓர் ஆள். மற்றொருவருக்கு ஒருமுறை வந்துபோன வருகை. 'தேதி' என்றால் ஒருவருக்கு இரத்தம் எடுத்த நாள். இன்னொருவருக்கு முடிவைப் பதிந்த நாள். 03/04 என்று எழுதினால் ஒருவருக்கு ஏப்ரல் மாதம் மூன்றாந் தேதி. வேறொருவருக்கு மார்ச் மாதம் நாலாந் தேதி.

வெறுமைக் கட்டத்தைப் பற்றி என் யோசனை எளியது. 'உண்டு', 'இல்லை', 'கேட்கப்படவில்லை' என மூன்று விடை வேண்டும். மூன்றாவது விடை வந்தால், ஒருவர் கேட்டு எழுதும்வரை மருந்து வெளியே போகக்கூடாது. மருந்தகத்துச் சிற்பி ஒரு சீன நண்பர், நேர்மையானவர். திரையை மாற்றப் பல மாதம் ஆகும், செலவு யார் தலையில் என்று கேட்டார். நிர்வாகத்தாரோ, நடந்தது ஒன்றுமில்லையே, எதற்கு இவ்வளவு செலவு என்றனர். நான் வாதாடவில்லை. அந்தத் தாதியை ஐந்து நிமிஷம் கூட்டத்துக்கு அழைத்துவர அனுமதி கேட்டேன். அவர் நடந்ததைச் சொல்லிவிட்டு, "அன்றைக்கு எனக்கு லீவாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும், ஐயா?" என்று நிர்வாகத்தாரைக் கேட்டார். அதற்கு மேல் செலவைப் பற்றிப் பேச்சில்லை.

மூன்றாவது விடை வந்தது. முதல் வாரங்களில் மருந்தகத்து வரிசை நீண்டது, ஜனங்கள் முணுமுணுத்தார்கள், கேட்கப்படாதவர் தொகை அவ்வளவு பெரிது. பெயர் விஷயம் அதைவிடக் கடினமாயிற்று. நம்மவர்க்குக் குடும்பப் பெயர் இல்லை. தந்தையின் பெயரே உடன் வருகிறது. மலேசியப் பத்திரங்களில் இரண்டு பெயருக்கும் நடுவே 'ஏ/எல்', 'ஏ/பி' என்று சாய்கோடிட்டு எழுதுகின்றனர். சிங்கப்பூரிலும் பழைய தாள்களிலும் 'எஸ்/ஓ', 'டி/ஓ' என்று காண்கிறோம். மேல்நாட்டு வழக்கப்படி முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டம் போட்ட மென்பொருளுக்கு இது விளங்குவதில்லை. ஒன்று சாய்கோட்டைக் கண்டதும் பெயரை வெட்டுகிறது. ஒன்று சாய்கோட்டையே ஏற்க மறுக்கிறது. ஒன்று தந்தை பெயரைக் குடும்பப் பெயராக்கி, பாட்டியை அவர் தகப்பனார் பெயரால் கூப்பிடுகிறது. முழுப்பெயரை வெட்டாமல், அவர் சொன்னபடியே ஒரு வரியில் வைத்துக்கொள்வதென்றும், வெட்டிய துண்டுகளை நம்பி ஆளை அடையாளம் காண்பதில்லையென்றும் மூவரும் ஒப்பினர்.

இரட்டைப் பதிவுகளைக் கணினியே சேர்த்துவிடலாமே என்று ஒருவர் சொன்னார். நான் மறுத்தேன். ஒருவரை இருவராக எழுதுவது தீங்கு. இருவரை ஒருவராகச் சேர்ப்பது அதனினும் பெருந்தீங்கு. ஒரே தோட்டத்தில் ஒரே பெயருள்ள பெண்கள் எத்தனை பேர்! பிறந்த தேதி சரியாகத் தெரியாத முதியோர் எத்தனை பேர்! ஆகவே ஐயத்துக்குரிய இணைகளைக் கணினி எடுத்துக்காட்ட, மனிதர் ஒருவர் விசாரித்துத் தீர்ப்பதென்று முடிவாயிற்று. நான் அங்கிருந்து விடைபெற்றபோதும் தீராத இணைகள் பல இருந்தன. தீராதவை பிரிந்தே இருக்கட்டும் என்று எழுதிவைத்துவிட்டு வந்தேன்.

இனி, ஒவ்வோர் இணைப்புக்கும் இப்படி ஒரு சுவர் நிறையச் சொல் எழுதிக்கொண்டிருக்க முடியுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மூன்று மென்பொருளை ஒன்றோடொன்று சேர்க்க மூன்று இணைப்பு போதும். பத்தானால் 45 இணைப்பு வேண்டும். நடுவே ஒரு பொது வடிவத்தை வைத்து, ஒவ்வொன்றும் அதை மட்டும் கற்றுக்கொண்டால் பத்து இணைப்போடு தீர்ந்துவிடும். வைத்தியத் துறையில் 1987-ம் வருஷத்தில் தோன்றிய எச்.எல்.செவன் என்னும் சங்கம் இத்தகைய பொது வடிவங்களை வகுத்து வருகிறது. அதன் புதிய வடிவம் 2014-ம் வருஷத்தில் சோதனைக்காக முதன்முதலில் வெளியாயிற்று. முழுப்பெயரை வெட்டாமல் வைக்க அதில் இடமுண்டு. ஆனால் இடமிருப்பது மட்டும் போதாது. அதில் எதை வைப்பதென்று இருவர் பேசித் தீர்மானித்தாக வேண்டும்.

பொது வடிவத்தின் அருமையைத் தமிழர் தம் எழுத்திலேயே கண்டவர்கள். 1990-களில் சென்னையிலிருந்து ஒருவர் தமிழில் அடித்து அனுப்பிய கடிதம் கோலாலம்பூரில் வெறும் கிறுக்கலாக வந்து விழும். எழுத்துக்கு எழுத்து அவரவர் தம் விருப்பப்படி எண் கொடுத்திருந்ததே காரணம். 1991-ம் வருஷத்தில் வெளியான யுனிகோடு முறையில் தமிழுக்கு இடம் கிடைத்தது; எனினும் எல்லோரும் அதற்கு வந்து சேரப் பல வருஷங்கள் சென்றன. 1997-ல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி முன்னின்று கூட்டிய மாநாடு, 1999-ல் சென்னை மாநாடு, 2000-ல் சிங்கப்பூரில் உருவான உத்தமம் என்னும் அமைப்பு, இவற்றிலெல்லாம் நடந்தது பெரும்பாலும் பேச்சும் வாதமுமே. தமிழ்நாட்டரசு 2010-ல் யுனிகோடை ஏற்றது. தம் முறையே சிறந்ததென்று கருதியவர்கள், அக்கருத்தை விடாமலே, பொதுமுறைக்கு இணங்கினார்கள். இன்று பேரன் அனுப்பும் தமிழ்ச் செய்தியைப் பாட்டி எந்தக் கைப்பேசியிலும் படிக்கிறாள்.

நம் பிள்ளைகள் பலர் இன்று கணினி படிக்கின்றனர். நான் அவர்களுக்குச் சொல்வது ஒன்று. மென்பொருள் கட்டக் கற்றுக்கொள்ளுங்கள். அதோடு சிற்பிகள் கூடும் மேசையிலும் போய் உட்காருங்கள். 'ஏ/பி' என்றால் என்ன, ஒரே பெயர் ஏன் நான்கு விதமாக எழுதப்படுகிறது, பாட்டிக்குப் பிறந்த தேதி ஏன் தெரியவில்லை என்பவற்றை அறிந்த ஒருவர் அம்மேசையில் இல்லாவிட்டால், எவருடைய கெட்ட எண்ணமும் இல்லாமலே நம்மவர் பெயர் வெட்டப்படும். அந்தக் கட்டம் வெறுமையாகவே கடந்துபோகும்.

மற்ற நேயர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆஸ்பத்திரிக்கு வீட்டுப் பெரியவர்களை அழைத்துச் செல்லும்போது, அடையாள அட்டையில் உள்ளபடி பெயரையும் எண்ணையும் கொடுங்கள். பழைய எண்ணோ வேறு எழுத்துக் கூட்டலோ இருந்தால் அதையும் சொல்லுங்கள். திரையில் என்ன எழுதியிருக்கிறதென்று படித்துக் காட்டக் கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. ஒவ்வாத மருந்து உண்டானால் ஒவ்வொரு முறையும், ஒவ்வொருவரிடமும் வாய்விட்டுச் சொல்லுங்கள். எல்லாம் சிஸ்டத்தில் இருக்கிறது, சொல்ல வேண்டியதில்லை என்று யாரேனும் கூறினால், அந்தச் சிஸ்டத்தோடு எத்தனை சிஸ்டம் சேர்ந்திருக்கிறதென்று நினைத்துப் பார்த்து, இன்னொரு முறை சொல்லுங்கள்.